வீடு வாங்க வந்த மச்சினன்

ஒரு பொருளை விற்க வேண்டுமென்றால் பொருளியல் வாத்தியாரிடம் மட்டும் ஆலோசனை கேட்கக் கூடாது. இதைத் துணிந்து சொல்கிறேன், ஏனென்றால் நானே பொருளியல் வாத்தியார். கேரள எல்லையில் வாளையாரை அடுத்த எங்கள் ஊரில், டுடோரியலில் பதினோரு வருஷமாக ‘தேவையும் அளிப்பும்’ நடத்துகிறேன். (பாஸானவர்களும் இருக்கிறார்கள்.)

ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விற்க முடிவு செய்தோம். என் மனைவி செல்விக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தகத்தில் வேலை. விடிவதற்குள் பஸ் ஏறுவாள். செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டால் நின்றதுதான். வீடு திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும். இந்த வீட்டை விற்றுக் கோயம்புத்தூரிலேயே ஒன்று வாங்கிவிடலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீதியில் மொத்தம் பதினான்கு வீடுகள். அவற்றில் ஏழு விற்பனைக்கு. பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். ஏழு வாசல்களிலும் தமிழில் ஒரு போர்டு, மலையாளத்தில் ஒரு போர்டு. வாங்க வருகிறவர்தான் இல்லை. எப்போதாவது ஒருவர் வந்தால் ஏழு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு, ‘யோசிச்சுச் சொல்றேனுங்க’ என்று போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஏசுதாஸ் போன் செய்தார். இடுக்கிப் பக்கம் தேயிலை பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகளை எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்திருந்ததால் இங்கேயே வீடு தேடினார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

உடனே என்னுள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். விற்பவர் ஏழு பேர், வாங்குபவர் ஒருவர். இந்த நிலையில் விலை கீழேதான் போகும். வாங்குபவரை இரண்டாக்கினால்? செல்வியின் தம்பி கார்த்தியைக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரவழைத்தேன். வீடு பார்க்க வந்த வெளியாள் மாதிரி நடிக்க வேண்டும், என்ன நடந்தாலும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“இதெல்லாம் வேண்டாமுங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லி விப்போம்” என்றாள் செல்வி.

“உனக்கு மார்க்கெட் தெரியாது” என்றேன். (இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எந்த விஷயத்திலும் பயன்படுத்தியதில்லை.)

ஏசுதாஸும் அவர் மனைவியும் வந்தபோது கார்த்தி அளவு டேப்போடு ஹாலில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூலிங் கிளாஸ் வேறு. அந்த அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போய், ஜன்னலைத் திறந்து மூடி, திரும்பத் திறந்து பார்த்தார். நாற்பது வருஷம் கம்பெனி வீட்டில் இருந்தவர். மேடையைக் கையால் தடவிவிட்டுக் கணவரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வீடு விற்றுவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“அவுக யாரு சார்?” என்று ஏசுதாஸ் கேட்டார்.

“அவரும் ஊடு பார்க்க வந்தவருங்க. உங்களுக்கு முன்னாலயே வந்துட்டாரு. ரொம்பப் புடிச்சுப்போச்சாம்” என்றேன், பெருமையாக.

ஏசுதாஸின் முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் விலையை ஏற்றவில்லை. நேராகக் கார்த்தியிடம் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்லா இருங்க தம்பி. நல்ல வீடு” என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். “வா, போவோம். நமக்கு முந்தி வந்துட்டாக.”

நான் பதறிப்போனேன். “சார், அவரு இன்னும் அட்வான்ஸ் தரலீங்க. நீங்க கொஞ்சம் சேர்த்துச் சொன்னீங்கன்னா...”

“அது எப்படி சார்? எங்க எஸ்டேட்டுல ஒரு வீடு காலியானா, முந்தி எழுதிக் குடுத்தவனுக்குத்தான் சாவி. அவன் வேண்டாம்னாத்தான் அடுத்த ஆளு. காசக் காட்டி அடுத்தவன் வீட்டப் புடுங்குத பழக்கம் எங்களுக்குக் கெடையாது.”

நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு நுகர்வோர் வந்ததில்லை. பின்வாங்கச் சொல்லிக் கார்த்திக்குக் கண்ணைக் காட்டினேன். அவனோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, “ஆமாங்க, நான் முடிவே பண்ணிட்டனுங்க. தை பொறந்ததும் பால் காச்சிருவேன்” என்றான்.

அவனைத் தரதரவென்று பின்பக்கத் தொட்டியடிக்கு இழுத்துப் போனேன். “டேய் மாப்ள, வேண்டாம்னு சொல்லுடா!”

“நீங்கதானுங்க மாமா கலைக்கக் கூடாதுன்னீங்க?”

திரும்பி வந்து, “எனக்கு ஊடு வேண்டாமுங்க, நீங்களே எடுத்துக்கங்க” என்றான்.

அதோடு ஏசுதாஸ் ஒப்புக்கொண்டிருக்கலாம். நல்ல மனிதர்களிடம் இதுதான் தொல்லை. “எங்களுக்காக விட்டுக்குடுக்கீகளா தம்பி? அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்” என்றார்.

“அய்யோ, அதில்லீங்க” என்று கார்த்தி தடுமாறினான். காரணம் ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது. கற்பனை கைகொடுக்காத அவசரத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. “சித்திரை வந்தா கெணத்துல தண்ணி இருக்காதுங்க. போன வருசம் தண்ணி லாரிக்குக் கொடத்த வெச்சுட்டு எங்கக்கா பட்ட பாடு...”

“அக்காவா?” என்றார் ஏசுதாஸ்.

காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்த செல்வி, “என்ற தம்பிதானுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏசுதாஸ் கோபப்படவில்லை. காப்பியை முழுவதும் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தண்ணி இல்லன்னு நீங்களே சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் சார். இவளுக்கு அந்த அடுப்படி பிடிச்சிருந்துச்சு” என்றார். வெளியே போனவர் நேராக எதிர் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் பொன்னுசாமி அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, “சித்திரையில கெணறு வத்திருமுங்க” என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வாரமே ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதிவிட்டார்கள். இரண்டு கிணற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பாறை.

செல்வி என்னைத் திட்டவில்லை. மறுநாள் வழக்கம்போல பஸ்ஸுக்குக் கிளம்பினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கதை ஊர் முழுக்கப் பரவி, செக்போஸ்டையும் தாண்டிப் போனது. கார்த்திக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, “நீங்க நெசமாவே கண்ணாலம் பண்ணத்தானுங்க வந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் பலகாரத் தட்டை நீட்டினார்.

போன மாதம் ஓர் அதிசயம் நடந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் வீடு பார்க்க வந்தார்கள். ஒருவர் பேங்க்காரர், இன்னொருவர் லாரி ஓனர். இருவருமே நான் அழைக்காத, முன்பின் பார்த்திராத, சுத்தமான வெளியாட்கள்.

பேங்க்காரர் லாரி ஓனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், இவரு உங்க மச்சினனுங்களா?” என்றார்.

“நானும் அதையேதானுங்க கேக்கலாம்னு இருந்தேன்” என்றார் லாரி ஓனர்.

நான் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் சிரிப்பு அதிகமானது. எதிர் வீட்டிலிருந்து ஏசுதாஸ் ஓடி வந்து, “நம்புங்க, இந்தத் தடவ ரெண்டு பேருமே நெசமான ஆளுகதான்” என்று சாட்சி சொன்னார். அவரையும் நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடி போய்விட்டார்கள்.

செல்வி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வெகுநேரம் சிரித்தாள். பிறகு, “ஏனுங்க, அவங்க நெசமாலுமே வாங்க வந்தவங்கதானுங்களா?” என்றாள்.

நிச்சயமாக என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய்க் கார்த்திக்குப் போன் செய்தேன்.

“மாப்ள, இன்னைக்கு நீ யாரையாச்சும் அனுப்புனியா?”