துண்டுக்குள் பேசிய விலை

உசிலம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மாப்பிள்ளை கண்ணுச்சாமிக்கு மச்சான் மலைச்சாமி எழுதுவது. இங்கு உன் அக்காவும் இரண்டு கறவை மாடுகளும் சௌக்கியம். திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் அதுபோலவே இருக்க முனியாண்டி சாமி துணை நிற்கட்டும். நான் மட்டும் சௌக்கியமாக இல்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை; உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடக்கத் தோன்றுகிறது. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்பதால் எழுதித் திருப்பூர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் என் மகள், உன் மருமகள் சரண்யாதேவியைப் பற்றியது. நாகமலை புதுக்கோட்டையில் பல் ஆஸ்பத்திரி வைத்து நன்றாகச் சம்பாதிக்கிறாள், அதில் குறையில்லை. இப்போது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறாள். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. விலையை இங்கே எழுதினால் டிரைவர் படித்துவிட்டு பஸ்ஸை வயலில் இறக்கிவிடுவான், ஆகவே எழுதவில்லை. "அப்பா, கூட வந்து நின்னா போதும், நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றுதான் மதுரை ஷோரூமுக்குக் கூட்டிப்போனாள். காலமெல்லாம் மாட்டுத் தரகு பார்த்தவனை விலை பேசும் இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசாதே என்றால் எப்படி மாப்ள? பெற்ற மகள் ஏமாறுவதை வேடிக்கை பார்க்கவா நான் போனேன்?

போனதும் காரியத்தைக் கெடுத்தது அவள்தான். விற்கிறவர் காதுபட, "எம்புட்டு அழகா இருக்குப்பா" என்றாள். ஆசைப்படுவது தெரிந்தபின் விலை இறங்குமா? அதை ஈடுகட்ட நான் குறை சொல்ல ஆரம்பித்தேன். வயிறு தரையைத் தொடுகிறது, எங்கள் தெரு வேகத்தடையில் படுத்துக்கொள்ளும் என்றேன். தீவன மூட்டை வைக்க இடமில்லை என்றேன். முன்பக்க மூடியைத் திறக்கச் சொன்னேன், உள்ளே எஞ்சினே இல்லை, வெறும் பள்ளம். எஞ்சின் இல்லாத வண்டிக்கா இந்த விலை என்று பிடித்துக்கொண்டேன். மேனேஜர் விஸ்வேஸ்வரன், டை கட்டிய தங்கமான மனிதர், "எஞ்சின் பின்னாடி இருக்கு சார்" என்றார். "இருக்க வேண்டிய எடத்துல இல்லேல்ல, அதுக்குக் குறைங்க" என்றேன். மகள் என் காலை மிதித்தாள்.

இனி வாய்ப்பேச்சு ஆகாது என்று தோளில் கிடந்த துண்டை அவர் கைமேல் போட்டு, உள்ளே மூன்று விரலைப் பிடித்தேன். மூன்று லட்சம் குறையுங்கள் என்று அர்த்தம். மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவை வந்தவனுக்குக்கூடத் தெரியும். அந்த மனிதர் முகம் வெளுத்து, என் கை முழுவதையும் பிடித்துக் குலுக்கினார். முழுக் கை என்றால் ஐந்து. கேட்டதற்கு மேலேயே குறைக்கும் வியாபாரியை நான் பார்த்ததே இல்லை மாப்ள, கண் கலங்கிவிட்டது. துண்டை உதறிப் போட்டு, வாசல் வாட்ச்மேனுக்குச் சந்தோஷமாக ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், பில்லில் முழு விலை. "கை குடுத்துட்டுப் பேச்சு மாறலாமா?" என்றேன். "ஏதோ வாழ்த்துறீங்கன்னு நெனச்சுக் கை குடுத்தேன் சார். துண்டு எதுக்குன்னுதான் புரியல" என்கிறார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வேணாம், வா தாயி" என்று மகள் கையைப் பிடித்து வெளியே நடந்தேன். பத்தடி போவதற்குள் கூப்பிட வேண்டாமா? செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன், டீக்கடையில் நின்றேன், கோரிப்பாளையம் சிக்னல் வரை ஆமையாக நடந்தேன், ஒரு ஆள் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தி ஏசி போட்டிருப்பவன் எப்படிக் கூப்பிடுவான்? மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இறங்கி வந்துவிட்டார்கள் என்று நினைத்தால், "எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்?" என்கிறாள். "நீங்க எம்புட்டுக் குறைப்பீங்கன்னு சொல்லுங்க, நான் மார்க்கச் சொல்றேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

சிக்னலில் நின்று சரண்யா சொன்னதுதான் என்னைத் தின்கிறது. "படிக்கிற காலத்துல இருந்து எனக்குன்னு ஆசப்பட்டது இது ஒண்ணுதான்ப்பா. மதுரைக்கு வந்தது ஒரே வண்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிரும்." அதோடு சரி, என் போனை எடுப்பதில்லை. கார் போனால் போகட்டும், மகளும் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. விலையை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. ஆகவே தாய்மாமன் நீ வியாழக்கிழமை கட்டாயம் வர வேண்டும். நான் ஒரு விலை கேட்கிறேன், நீ யாரோ போல வந்து அதைவிடக் குறைத்துக் கேள்; என் விலையே மேல் என்று கொடுத்துவிடுவார்கள். நல்ல அகலமான துண்டாக எடுத்து வா.

தங்கச்சி தங்கப்பொண்ணுவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகள் எங்கு போனாலும் ஏமாறாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட மச்சான்,
மலைச்சாமி.

பின்குறிப்பு: மாப்ள, நீ வர வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே வாசலில் சிவப்புக் கார் வந்து நின்றது. சரண்யா இறங்கி, "வெலைய எறக்கிக் குடுத்துட்டாங்கப்பா. நீங்க நடந்து போனதப் பாத்துப் பயந்துட்டாங்களாம்" என்றாள். உன் அக்கா ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். என் தரகு வாழ்க்கையில், விலை குறைத்து வாங்கியவன் எவனும் எவ்வளவு குறைந்தது என்று சொல்லாமல் இருந்ததில்லை. இவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பின்ன, பயப்படாம இருப்பாய்ங்களா?" என்று மீசையை நீவிக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.