அறுபட்ட மூன்றாம் சரணம்

இனி என் கம்ப்யூட்டர் நான் சொன்னபடிதான் கேட்கும் என்று புதன்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். மனைவி கேட்பாள் என்று சபதம் எடுக்கும் அளவுக்கு நான் முட்டாளில்லை. ஆனால் கம்ப்யூட்டரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். என் மனைவி ஸுவேனா, தான்சானியாவில் எங்கள் தாங்கா ஊரில் பெண்களின் தாராப் பாட்டுக் குழுவில் பாடுகிறாள். கல்யாண வீட்டுக் குத்தல் பாட்டு. யாரைக் குத்துகிறார்கள் என்று பெயர் மட்டும் வராது. பாட்டைக் கேட்டு எவன் எழுந்து நிற்கிறானோ, அவன்தான் குத்துப்பட்ட ஆள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். சனிக்கிழமைக் கல்யாணத்துக்காகத் தோழி வீட்டில் புதுப் பாட்டைப் பதிவு செய்து, மிக்ஸ் பண்ண என்னிடம் கொடுத்தாள்.

என் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் எங்கெங்கோ சத்தம் அறுந்தது. மூன்றாம் சரணத்தில் வயலினும் பத்துப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்ததும் படுமோசம். “காதுல...” டப். “வாயில...” டப். “...ராசா!”

“என்னங்க இது, விக்கல் எடுத்த மாதிரி பாடுது?”

“உன் குரலோட பவரை அது தாங்கல.”

“ஐஸ் வைக்காதீங்க. முடியலன்னா சொல்லுங்க, ஷொமாரிகிட்ட குடுத்துடறேன்.”

ஷொமாரி! எதிர்த் தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவனிடம் போனால் நான் ஊரில் தலைகாட்ட முடியுமா?

“முடியாதுன்னு யார் சொன்னா? அது சரி, ராசா காதுல என்ன? எறும்பா?”

“சரி பண்ணிட்டுக் கேட்டுக்குங்க.”

அவ்வளவுதான், மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. பஃபரைக் கூட்டினேன். அதாவது, கம்ப்யூட்டர் மூச்சு வாங்கக் கொஞ்சம் அவகாசம். பாதி குறைந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை நீக்கினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த ராசா மட்டும் பிடிகொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், தேங்காய்ப்பால் பீன்ஸ் ஆறிக்கொண்டிருக்க, இதுவும் கம்ப்யூட்டரை நடுநடுவே நோண்டுமோ என்று வைஃபையை அணைத்தேன்.

அடடா! கண்ணாடி மாதிரி கேட்டது.

“காதுல ஹெட்போனு, வாயில குறட்டை,
கேட்டா ‘மிக்ஸிங்’கும்பாரு ராசா!”

எங்கள் தெருவில் மிக்ஸிங் பண்ணுபவன் ஒரே ஒருத்தன்தான்.

“ஸுவேனா, இது யாரைப் பத்தி?”

“நான் பேரு சொன்னேனா?”

“இல்ல.”

“அப்புறம் ஒங்களுக்கு ஏன் வேர்க்குது?”

“வெயில்! இந்த மூணாவது சரணம் இன்னும் லேசா அறுபடுது. தூக்கிடலாமா?”

“அதுக்கென்ன, ஷொமாரிகிட்ட காட்டலாம். எங்க வீட்டுக்காரரால முடியலன்னு சொல்லிடறேன்.”

பாட்டை முழுசாக அப்படியே கொடுத்துவிட்டேன். பெயர்தான் இல்லையே என்று ஒரு தைரியம்.

சனிக்கிழமை. கல்யாண வீட்டில் பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஹெட்போன் வரிக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டு முடிந்தது. தப்பித்தேன்டா சாமி என்று நினைக்கும்போது ஸுவேனா மைக்கைப் பிடித்தாள்.

“ஒரு எடத்துலகூட அறுபடாம மிக்ஸ் பண்ணினது எங்க வீட்டுக்காரர் ஹெமெடி! ஏங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. பெருமை தாங்காமல் எழுந்து நின்றேன், கழுத்தில் ஹெட்போனோடு.