குஜராத்துக்குப் போன அக்கானி

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வெளியூர் போவது இடம் பார்க்க என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் சமைத்ததை வேறோர் இடத்தில் உட்கார்ந்து தின்னத்தான் போகிறோம். பக்கத்தில் இருக்கிற திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனாலும், மூன்று தூக்குச்சட்டியும் ஒரு கட்டு வாழையிலையும் வண்டியில் ஏறிய பிறகுதான் மனிதர்கள் ஏறுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, மார்த்தாண்டத்தில் அதைவிடத் தீவிரமான ஒரு வீட்டில் பெண்ணெடுத்த நான் ஒரு யோசனை சொன்னேன். விமானத்தில் குஜராத் போய் இறங்குவோம், அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுப்போம், நானே ஓட்டுகிறேன், கட்ச் பக்கம் போய் வெள்ளை உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வருவோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாப்பாடு, தண்ணி எல்லாம் எனக்க பொறுப்பு" என்றும் சொன்னேன். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது எனக்குச் சிறுவயது முதலே உள்ள பழக்கம்.)

எதற்கு இந்த வீரம் என்றால், அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமா, அதாவது என் மனைவி பீனாவின் அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சபையில் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். பன்னிரண்டு வயதில் ஞாயிறு பள்ளியில் 'மதுவைத் தொடமாட்டேன்' என்று உறுதிமொழி எடுத்து, அதை அறுபத்தெட்டு வயது வரை ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி வந்தவர். இருமல் மருந்து வாங்கினால்கூடப் பாட்டிலில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசிப்பார். எங்கள் வீட்டிலோ என் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால், உறுதிமொழி எதுவும் எடுக்காதவர். "அந்த வீட்டுல குடி உண்டு" என்று சொல்லியே மாமா எங்கள் கல்யாணப் பேச்சை மூன்று மாதம் இழுத்தடித்தார். கடைசியில் பீனாவின் அழுகைக்காகத்தான் சம்மதித்தாரே தவிர, என்னை நம்பி அல்ல. கல்யாணத்துக்குப் பிறகும் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் மூக்கு லேசாக விரிந்து சுருங்கும். எனக்கு அது பெரிய மனத்தாங்கலாக இருந்தது. இந்தப் பயணத்தில் எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மாமா வெளியில் எதுவும் சாப்பிட மாட்டார், பால் விடாத கட்டன்சாயாகூடக் குடிக்க மாட்டார். எனவே மாமா, மாமி, பீனா, நான் என்று நான்கு பேருக்கும் நான்கு நாள் உணவு தயாரானது. முந்திரிக்கொத்து ஒரு டின். ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், இரண்டு பொதி. வாட்டிய இலையில் கட்டிய சோறு. தேங்காயை வறுத்து இடித்த சம்மந்திப் பொடி. போதாக்குறைக்கு, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வாங்கிய உணக்க மீன் என்கிற கருவாடு, ஆறு பிளாஸ்டிக் உறைகளுக்குள். விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் என்று நான் சொன்னதும் மாமி பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்து வைத்தார்.

"துணி அங்க போயும் வாங்கலாம் மக்கா. சம்மந்திப் பொடி அங்க கிட்டுமா?"

நான்கு நாள் பயணத்துக்கு நான் இரண்டு சட்டையோடு கிளம்பினேன்.

இவ்வளவும் ஆன பிறகு என் சொந்த மூளை வேலை செய்தது. மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை உண்டென்றால் அது அக்கானி. மற்ற ஊர்களில் பதநீர் என்பார்கள். பனையிலிருந்து விடியற்காலையில் இறக்கியதை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால், அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வரும். அப்போது மாசி மாதம், சீசன் தொடங்கியிருந்தது. பாலைவனத்தின் நடுவில், உச்சி வெயிலில், மாமாவின் கையில் ஒரு தம்ளர் அக்கானியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தக் காட்சி என் மனக்கண்ணில் வர்ணத்தில் ஓடியது.

கிளம்புகிற அன்று அதிகாலையில், எங்கள் ஊரில் பனையேறும் தாசையன் அண்ணனிடம் இரண்டு பெரிய குளிர்பானப் பாட்டில்களோடு போய் நின்றேன். அக்கானி புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். மாமாவுக்குச் சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் நாக்கு பொத்துப்போகும் என்பதால், அதைக் குறைக்கச் சொல்லி முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவர் ஊற்றித் தந்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மக்கா, இத இப்பமே குடிச்சிரணும். சுண்ணாம்பு கொறவாக்கும். அந்திக்குள்ள இது வேற ஆளாயிரும், சொல்லிட்டேன்."

"அண்ணே, நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராக்கும்" என்றேன்.

ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். சர்க்கரைக் கரைசல் ஈஸ்டோடு சேர்ந்து காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை, வருஷம் தவறாமல் கரும்பலகையில் சமன்பாடு போட்டு விளக்குகிறவன். தேர்வில் அந்தக் கேள்வியை ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறவன். ஆனால் விமானத்தின் வயிற்றுப் பகுதி குளிராக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஒரு வரியை நம்பி, பாட்டில்களை மாமாவின் வேட்டிகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம். மும்பையில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு. அகமதாபாத் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்கிய விடுதியில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மறுநாள் காலை வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினோம். வெயில் ஏற ஏற, உணக்க மீன் ஆறு உறைகளையும் கிழித்துக்கொண்டு தன் இருப்பைத் தெரிவித்தது. அதற்குப் பிறகு அந்தக் காரில் வேறெந்த வாசனைக்கும் இடமில்லை. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மதியம் சாலையோரம் நிறுத்தி, பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். (முந்தின நாள் கட்டிய சோறு. அதுவே எங்களுக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.) பிறகு நான் எழுந்து, கல்யாண வீட்டில் சீர்வரிசைத் தட்டு எடுத்து வருவதுபோல் பாட்டிலை எடுத்து வந்து மாமா முன் வைத்தேன்.

"என்னது மருமவனே இது?"

"அக்கானி மாமா. நம்ம ஊரு அக்கானி."

மாமாவின் முகத்தில் அந்த அபூர்வச் சிரிப்பு வந்தது. எனக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். நுரை பொங்கி என் இரண்டு சட்டைகளில் ஒன்றை நனைத்தது.

"நொரைக்குதே?" என்றார் மாமி.

"பிளைட்டுல காத்தழுத்தம் மாறும் மாமி. அதாக்கும்" என்றேன். வாத்தியார் சொன்னால் மறுபேச்சு உண்டா?

மாமா ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். "ஒரு காரம் உண்டே?"

"சுண்ணாம்பு கொறச்சதுனால மாமா. இதுதான் ஒரிஜினல் ருசி."

மாமா நான்கு தம்ளர் குடித்தார். மாமி இரண்டு. பீனா ஒரு வாய் வைத்துவிட்டு, "புளிப்பா இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்டாள். நான் தொடவே இல்லை. மிச்சத்தையும் மாமாவுக்கே வைக்க வேண்டுமே என்ற தியாக உணர்வு.

வண்டி கிளம்பிக் கால்மணி நேரத்தில் மாமி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். மாமா தூங்கவில்லை. மாமா பேசினார். ஒரு வருஷத்தில் என்னிடம் மொத்தமாக நாற்பது வாக்கியம் பேசியிருப்பாரோ என்னவோ, அன்று நிறுத்தவே இல்லை. பிறகு கீர்த்தனை பாடத் தொடங்கினார். எட்டுக்கட்டையில். இரண்டாம் சரணத்தில் பின்னாலிருந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "ஏலே மக்கா, நீ தங்கம்லே!" என்றார். வாழ்நாளில் என்னை 'நீங்க' என்பதற்குக் கீழே இறங்காத மனிதர்!

நான் உச்சி குளிர்ந்துபோய், "பாத்தியா, அப்பாக்கு நம்மள எவ்வளவு பிடிச்சுப்போச்சு" என்று பீனாவிடம் கிசுகிசுத்தேன்.

பீனா என்னைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை. "அத்தான், அப்பா தண்ணியடிச்ச ஆளு மாதிரி இருக்காங்க. அந்தப் பாட்டில எடுத்து மோந்து பாருங்க."

அப்போதுதான், வளைவு திரும்பியதும், நான்கைந்து போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதே நொடியில் என் மண்டைக்குள் அந்தச் சமன்பாடு, இடமிருந்து வலமாக, மிகத் தெளிவாக எழுதப்பட்டது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குஜராத் மதுவிலக்கு மாநிலம்.

கண்ணாடியை இறக்கினேன். முதலில் உணக்க மீன் வெளியே போய்ப் போலீஸ்காரரைச் சந்தித்தது. அவர் ஓரடி பின்வாங்கி, பிறகு கடமை உணர்வோடு குனிந்து பாட்டிலைப் பார்த்தார். என்ன இது என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. "ஜூஸ் சார். மரத்து ஜூஸ்" என்றேன். புனேயில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பீனா, பனைமரத்துச் சாறு என்று விளக்கினாள். "ஓ, நீரா!" என்று அவர் சிரித்தார். பதநீருக்கு அங்கே அதுதான் பெயராம். எனக்கு உயிர் வந்தது. அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

அந்த இடத்தில் யாரும் எதிர்பாராத விதமாக மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். கையில், வழியில் குடிக்க ஊற்றி வைத்திருந்த ஐந்தாவது தம்ளர் இருந்தது. தலைமையாசிரியர் குரலில், சுத்தமான ஆங்கிலத்தில், தான் ஒரு மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் என்று அறிமுகம் செய்துகொண்டு, குடியால் விளையும் தீமைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குடல் கெடும், குடும்பம் கெடும், குலம் கெடும். ஒவ்வொரு தீமைக்கும் தம்ளரை ஒரு முறை உயர்த்தினார். அது நுரையோடு தளும்பியது. போலீஸ்காரர்கள் எல்லோரும் சோதனையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. நான் ஜெயிலுக்குப் போவதைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. ஐம்பத்தாறு வருஷ உறுதிமொழியை நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலால் உடைத்துவிட்டேன், அது அந்த மனிதருக்கே இன்னும் தெரியவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

அவர்களில் மூத்தவர் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றுமில்லை. பிறகு விளக்கம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல பீனா இந்தியில் சொன்னாள். சர்க்கரை, ஈஸ்ட், வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு. என் ஆசிரியர் வாழ்க்கையில் அவ்வளவு கவனமான மாணவர்கள் எனக்கு வாய்த்ததே இல்லை. எல்லாம் முடிந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பீனா அதை மொழிபெயர்ப்பதற்கு முன் கொஞ்சம் ரசித்தாள் என்பது என் சந்தேகம்.

"இவ்வளவு தெரிஞ்ச கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு, இது கள்ளாவும்ணு தெரியலியாண்ணு கேக்காரு."

இரண்டு பாட்டிலையும் முள்செடிக்குள் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். "ஏலே, கொட்டாதலே! அக்கானிலே அது!" என்று மாமா பதறினார். பெரியவரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போ என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

உப்புப் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. மாமா தூங்கி எழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். இனியும் மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். கலயம், சுண்ணாம்பு, தாசையன் அண்ணன் எச்சரித்தது, எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "சரி" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் முந்திரிக்கொத்தைக் கடிக்கிற சத்தம் மட்டும்தான் அவரிடமிருந்து வந்தது. அந்த இரண்டு நாளும் நான் உள்ளுக்குள் அழுதேன் என்று சொன்னால் மிகையில்லை. இதற்கு நான் குடிகாரனாகவே இருந்திருக்கலாம், என் உடம்போடு போயிருக்கும்.

ஊர் திரும்பி மூன்று வாரத்தில் சபையில் மதுவிலக்கு ஞாயிறு வந்தது. செயலாளர் என்ற முறையில் மாமா பேச எழுந்தார். வழக்கமான பேச்சுக்கான தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பன்னெண்டு வயசுல நான் எடுத்த உறுதிமொழிய, போன மாசம் குஜராத்துல வச்சு முறிச்சிட்டேன்" என்றார். "தெரியாமத்தான் குடிச்சேன். ஆனா நாலு தம்ளர் குடிச்சேன். எனக்க பெண்சாதி ரெண்டு."

மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். எனக்க மகளுக்குக் கல்யாணம் பேசும்ப, அந்த வீட்டுல குடி உண்டுண்ணு சொல்லி மூணு மாசம் தடுத்து வச்சவன் நான். அண்ணைக்கு அந்த ரோட்டுல போலீஸ்காரன் ஊதச் சொன்னப்ப, சுத்தமா நிண்ணது எனக்க மருமவந்தான். குடிச்சிட்டு ரோட்டுல நிண்ணு பிரசங்கம் பண்ணினது நானாக்கும். குடி எனக்க வீட்டுலதான் உண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் பீனா என் கையைப் பிடித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

அன்றிலிருந்து இன்றுவரை, எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எதிலும் நான் நீட்டுகிற தம்ளரை யாரும் சும்மா வாங்குவதில்லை. கல்யாணம், ஞானஸ்நானம், துக்க வீடு, எதுவானாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார்கள். என் சொந்த மகள்கூடப் பச்சைத் தண்ணீரை மோந்து பார்க்கிறாள். மாமா மட்டும் மோந்து பார்ப்பதில்லை. நான் எதைக் கொடுத்தாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலித் தம்ளரைத் திருப்பித் தந்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"இண்ணைக்கு ஒண்ணும் ஏறல்லியே மருமவனே."