வயது மைனஸ் முப்பது

"பேஷண்ட் எல்லாருக்கும் வயசு பூஜ்யம்னு வருதாம்யா!" மேனேஜர் ஓஸ்வால்ட் திங்கட்கிழமை காலையிலேயே போட்ட சத்தம் பெங்களூர் தொம்மலூர் சாஃப்ட்வேர் ஆபீஸின் மூன்று மாடிக்கும் கேட்டது. "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் மேல போன். எவன் பண்ண வேலையோ, சாயங்காலம் எம்.டி. கையில அவன் பேரு இருக்கணும். அவன் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும்!"

கம்ப்யூட்டர் வேலைகள் அருகிப்போன 2002-இல் வீட்டுக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. பாலகுமாரின் வேலை நிரந்தரமாக இன்னும் நாலே நாள். வயதைக் கணக்குப் போடும் ஃபைலில் சனிக்கிழமை கடைசியாகக் கை வைத்தவனும் அவன்தான்.

நல்லவேளை, ஃபைலின் பழைய வெர்ஷன்கள் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருந்தன. யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்ற பட்டியலும் இருந்தது. பழையதைத் திரும்பப் போட்டால், அதுவும் ஒரு மாற்றமாகப் பட்டியலின் உச்சியில் ஏறிக்கொள்ளும்.

தன் பேர் இருக்கும் பட்டியலைத் திறக்கவே தைரியமில்லாமல், தேதியை மட்டும் அடித்து வெள்ளிக்கிழமை வெர்ஷனைப் போட்டான்.

வயது வந்தது. பேஷண்ட் பேர் காணாமல் போனது.

"பாவி! பேரு வர்ற பாகம் சனிக்கெழம காலையில நான் போட்டதுடா!" பக்கத்து சீட் தாரணி எழுந்து நின்றாள்.

"இரு இரு, ஒட்டிடறேன்."

ஒட்டினான். பேர் வந்தது. ஆண்களெல்லாம் பெண்களானார்கள்.

திரும்பினால், பின்னால் ஓஸ்வால்ட்.

"சார், நான் வந்து..."

"உக்காரு பாலா. சும்மா எதுக்கு டென்ஷன்? இன்னொரு தடவ பாரு." தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாலகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனான். ஜூன் வெர்ஷனில் ரத்த வகை இல்லை. மார்ச்சில் வார்டு இல்லை. ஏழாவது முயற்சியில், வருஷத்தை ரெண்டே இலக்கத்தில் எழுதிய 1999-க்கே போய்விட்டான்.

தாரணி போனை எடுத்தாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து மங்களம் சிஸ்டர் பேசறாங்க. எழுபது வயசுப் பெரியவருக்கு மைனஸ் முப்பதுன்னு வருதாம்."

"அப்படின்னா?"

"அவரு பொறக்கவே இன்னும் முப்பது வருஷம் இருக்கு. ஆபரேஷன நிறுத்தி வெச்சிருக்காங்க. டேய், விளையாட்டில்லடா."

அந்தப் பக்கமாக வந்த ஓஸ்வால்ட் நின்றார். "பரவால்ல பாலா. இன்னும் மூணு தடவ பாரேன்."

எட்டு. ஒன்பது. பத்தாவது தடவை வேறு வழியில்லாமல் தன்னுடைய சனிக்கிழமை வெர்ஷனையே போட்டான்.

எல்லாம் சரியாக வந்தது.

"தாரணி! என்னுது சரியாத்தான் இருந்திருக்கு! தப்பு நான் பண்ணல!"

அவள் பதில் சொல்வதற்குள் எம்.டி. கூப்பிட்டார். மேஜையில் பட்டியலின் பிரிண்ட் இருந்தது. பாலகுமார் வாயைத் திறக்கும் முன்பே கவர் கைக்கு வந்துவிட்டது.

வாசல் மேஜையருகே அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள சர்வர் ரூம் ஜோசஃபின் நின்றிருந்தாள்.

"அக்கா, என் வெர்ஷன்ல தப்பே இல்ல. அப்ப யாருதான் கெடுத்தது?"

"பிரிண்ட்ல கடைசி பத்து மாத்தந்தான் வரும், பாலா. பத்துலயும் உன் பேரு. பதினொண்ணாவது ஓஸ்வால்ட் சார். ஞாயித்துக்கெழம வந்து என்னமோ நோண்டியிருக்காரு."

"காலையில அவரு பேருதான மேல இருந்திருக்கும்? அப்பவே பிரிண்ட் எடுத்திருக்கலாமே!"

ஜோசஃபின் அட்டையை டிராயரில் போட்டாள்.

"எடுத்துத் தர்றேன்னுதான் அவர்ட்ட சொன்னேன். 'இரும்மா, பாலா பத்து முடிக்கட்டும்'னாரு."