க்ருஷாவில் யாரும் சாகவில்லை

ஊர்த்தலைவர் ஸ்தோயில் வெந்நீர் வாளியும் சுரண்டும் கத்தியுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வல்கோவின் முகத்தை உரித்துக்கொண்டிருந்தார். நெற்றி வந்துவிட்டது. மீசைதான் சுவரை விடமாட்டேன் என்றது.

"என் புருஷனை என்னடா பண்றே?"

திரும்பாமலே தெரிந்தது, வல்கோவின் மனைவி தோத்கா. கையில் பசைக் கிண்ணம், கக்கத்தில் புதுத்தாள். இறந்து நாற்பது நாளானால் அதே படத்தோடு மறுபடி அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். க்ருஷாவில் கதவு, மரம், கம்பம் எங்கு பார்த்தாலும் இறந்தவர்கள்தான். உயிரோடு இருப்பவர்களை அவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவர் சாகாம இருக்கட்டும்."

"இதை அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஊர்த்தலைவர் என்ற முறையில் ஸ்தோயில் விளக்கினார். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து போடும் பொதுப்பணத்தில்தான் நாலு வருஷமாக ஊர்ச் சமையலறை நடக்கிறது. மதியம் சூடாக பீன்ஸ் சூப், ரொட்டி, தயிர். பிள்ளைகள் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருக்க, மிச்சமிருக்கும் கிழடுகள் ஒருவரையொருவர் பார்ப்பதே அந்த மேஜையில்தான். இனி க்ருஷா, பக்கத்து ஊரான ப்ரெஸ்தா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பணமாம். தேவை எங்கே அதிகம் என்று நேரில் பார்க்க இன்று அதிகாரி வருகிறார்.

"எங்க வாய் அதிகமோ அங்கதானேக்கா தேவை அதிகம்? குளிருக்கு முன்னாடி இருபத்தாறு பேர் சாப்பிட்டோம். ஏழு பேர் போய்ட்டாங்க. ப்ரெஸ்தாவுல இருபது பேராம்."

தோத்கா வல்கோவின் மீசையைச் சற்று நேரம் பார்த்தாள். சமையலறையை மூடிவிட்டால் அவள் பேசுவதற்கு அடுப்புதான் மிஞ்சும்.

"கத்தியைக் கொடு. நீ பிடிச்சா அவர் மூக்கு கிழியும்."

இருவருமாக ஊரெல்லாம் போய் ஏழு பேரையும் உரித்து முடித்தார்கள். ஆனால் உரித்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரமாகப் பல்லிளித்தது. அலுவலகத்தில் என்றைக்கோ நடந்த நடன விழாவின் சுவரொட்டிகள் ஒரு கட்டு கிடந்தன. ஸ்தோயில் தேதியைக் கிழித்துவிட்டு அவற்றை ஒட்டினார். இப்போது ஊர் முழுக்கக் குமரிகள் கைகோத்து ஆடினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இப்போது மாட்ரிட்டில் பேரன் பேத்தி.

தலை எண்ணிக்கைதான் இடித்தது. ஸ்தோயில் ப்ரெஸ்தாவிலிருக்கும் கட்டைப் பிரம்மச்சாரி மெத்தோதிக்குப் போன் போட்டார். இரண்டு பாட்டில் ரக்கியா சாராயம் என்று பேசி முடிந்தது. அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மெத்தோதி போய் உட்கார்ந்தது வல்கோவின் நாற்காலியில். தோத்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். எல்லாம் கெட்டது என்று ஸ்தோயில் நினைத்தபோது, வல்கோவின் கோட்டோடு திரும்பி வந்தாள்.

"போட்டுக்கோ. அந்த இடத்துல காத்து அடிக்கும்."

அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண், களைத்த முகம். மேஜையைச் சுற்றி எண்ணி, தோத்காவுக்குப் பக்கத்தில் இருந்த மெத்தோதியிடம் நின்றார்.

"ஐயாவுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"எனக்குக் கல்யாணமே ஆகலியே."

"அம்பத்திரெண்டு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்கார்" என்றாள் தோத்கா, ரொட்டியைப் பிய்த்து அவன் சூப்பில் போட்டபடி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் குரல் இறங்கியது. "நாப்பது நாளா ஒரு வார்த்தை பேசல. இன்னிக்காவது சாப்பிட வந்தாரே."

மெத்தோதிக்கு ரக்கியா ஆசையே போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு, பசியில்லாமலேயே கிண்ணத்தைக் காலி செய்தான். ஸ்தோயில் அந்தக் கோட்டைப் பார்க்காமல் ரொட்டிக் கூடையை நகர்த்தினார். வல்கோ அவருக்குச் சீட்டாட்டக் கூட்டாளி.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "இந்தக் குளிர்காலத்துல ஊர்ல எத்தனை பேர் தவறிட்டாங்க?"

இருபது கரண்டிகளும் நின்றன.

"ஒருத்தர்கூட இல்லைங்க" என்றார் ஸ்தோயில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வயசானவங்க, வியாதிக்காரங்க யாராவது..."

"எங்க ஊர் தயிர் அப்படி மேடம். சுவரைப் பார்த்தீங்களே, ஒரே ஆட்டம் பாட்டம்தான்."

அதிகாரி ஏதோ கேட்கவந்து, கேட்காமல் எழுதிக்கொண்டார். தோத்காவின் கையைப் பிடித்து, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றுவிட்டு வாசலுக்கு நடந்தார். தோத்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஸ்தோயில் அவருக்குச் சைகை காட்டினார்.

அதிகாரியின் ஓட்டுநர் மட்டும் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாக எழுந்தான். ஸ்தோயில் அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

"எங்களுக்குத்தானே தம்பி?"

"கொடுத்து வச்ச ஊர், தலைவரே, உங்களது. எங்க சாவு அதிகமோ அந்த ஊருக்குத்தான் இந்தப் பணம். ப்ரெஸ்தாவுல மூணு பேர் போய்ட்டாங்களாம், பாவம், அவங்களுக்குன்னு மேடம் எழுதிட்டாங்க."