சின்னுவுக்கு வைத்த மை

ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு ஒரு தம்பி இருந்தால் தேவலை என்று எப்போதாவது தோன்றும். எனக்குத் தம்பி கல்லூரிக் கடைசி வருடத்தில் பிறந்தான். நானே சோல்டர் வைத்துப் பெற்றெடுத்தேன்.

புராஜெக்டுக்காகச் செய்த ரோபோ அது. முழங்கால் உயரம். எதிரே ஆள் இருந்தால் நின்று வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். (ரிப்போர்ட்டில் இதை ‘மனித இயந்திர நல்லுறவு’ என்று எழுதியிருந்தேன்.) அப்பா கொத்தனார், அம்மா சேலையூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாள். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், நான் எதைச் செய்தாலும் அவர்களுக்குப் பெருமை. இது விஷயத்தில் பெருமையோடு நிற்கவில்லை. அம்மா அதற்குச் சின்னு என்று பெயர் வைத்தாள். சார்ஜ் போட்டிருந்தால், “புள்ள சாப்டுகினு கீது, சத்தம் போடாத” என்பாள். சளி பிடிக்கும் என்று அப்பா ஃபேனைக் குறைப்பார். வேர்த்து வழிந்தது நான்.

வைவாவுக்கு இருவரும் கூடவே வந்தார்கள். ஷேர் ஆட்டோவில் சின்னு அம்மா மடியில். நான் டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே. பாஸ் செய்தால் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்கு.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சிரித்தே பழகாத முகத்தோடு நின்றார். சுவிட்சைப் போட்டேன். சின்னு நேராகப் போய் அவர் முழங்காலில் மோதியது. நிற்கவில்லை. ஷூவின் மேல் ஏறப் பார்த்தது.

“இது என்னப்பா?” என்றார்.

“கொலிஷன் மோடு, சார்.” (அப்படி ஒரு மோடு உலகத்தில் கிடையாது.)

வாசலில் நின்ற அம்மா ஓடிவந்து சின்னுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஐயோ, அடி கிடி பட்டுச்சா?”

“பரவாயில்லம்மா, லேசாதான்” என்றார் எக்ஸாமினர்.

“இல்ல சார், புள்ளைக்கு.”

அவர் சின்னுவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில், சென்சார் இருக்கும் இடத்தில், வட்டமாக ஒரு கறுப்பு.

அம்மா மெதுவாகச் சொன்னாள். “நாலு பேரு பாக்குற எடத்துக்கு வருது. கண்ணு பட்டுடப் போவுதுன்னு நான்தான் மை வெச்சேன்.”

எதிரே இருப்பதைப் பார்க்கச் சின்னுவுக்கு இருந்ததே அந்த ஒரு கண்தான். எக்ஸாமினர் கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். பிறகு தானே போய் எதிரில் நின்றார். சின்னு ஓடி வந்து, ஒரு சாண் முன்னால் நின்று, “வணக்கம்” என்றது. அவரும் கை கூப்பினார்.

இன்று நான் ஒரகடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார்: “பெரியவன் சாது. சின்னவன்தான் முரடு, வாத்தியாரையே இடிச்சிட்டான்.”

“கண்ணு தெரியாம இடிச்சுது, பாவம். அத்தப் போயி சொல்ற” என்று அம்மா பரிந்துகொண்டு வருவாள்.

கணக்கில் நான் அரியர் வைத்தபோது எனக்காக அவள் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.