ஏற்றத்துக்கு மட்டும் வாங்கிய இழுவை

காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெள்ளிமலையிலிருந்து கீழே வரும் சாலையில் இரண்டாவது வளைவைத் தாண்டியிருந்தோம். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அப்போதுதான் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு மணிக்கெல்லாம் மில்லுல இருக்கலாம்" என்று என் மகள் பவித்ராவிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் யாரோ பின்னாலிருந்து எங்கள் பிக்கப்பை முட்டித் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் டிரெய்லர்தான்.

நான் அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்கு இயக்க விதிகளை நடத்துகிறேன். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. (எழுதியது கை மட்டும்தான், தலைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.)

பவித்ரா வேளாண்மை படித்தவள். வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நான் காத்திருந்தபோது, பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை அவளே இறக்கி, ஜவ்வரிசி மில்லில் நேராகச் சேர்க்கப் போகிறாளாம். மலையில் இருக்கும் சின்னப்பொண்ணக்கா என்ற விவசாயி, வழக்கமாக வரும் தரகரின் லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு இவளை நம்பி முதல் லோடைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இந்த ஒரு லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்த ஊரே இவளுக்குக் கிழங்கு போடும். சேராவிட்டால் எல்லோரும் தரகரிடமே திரும்பிவிடுவார்கள். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. அன்றைக்கே மில்லுக்குப் போகாவிட்டால் உள்ளே கறுக்கத் தொடங்கும்.

பிக்கப்பில் மட்டும் ஏற்றினால் லோடு கட்டுப்படியாகாது, பின்னால் ஒரு டிரெய்லர் மாட்ட வேண்டும் என்றாள். என் பயம் அங்கேதான் பிறந்தது.

எங்கள் சங்கராபுரம் பக்கத்தில் மேடு என்றால் ஏரிக்கரைதான். மலை என்றதும் எனக்குத் தெரிந்தது ஏற்றம் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை மலைப் பேருந்தில் போனேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்ற வண்டி, மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. கண்டக்டர் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தார். அந்தக் கல் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. டிரெய்லரோடு என் பெண் ஏற்றத்தில் நின்றுபோனால்? பின்னால் உருண்டால்? மூன்று இரவு தூங்காமல் யோசித்து, நாலாம் நாள் காலையில் அவளையும் வண்டியையும் கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் குமாரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

குமார் என்னிடம் படித்தவன். அறிவியலில் தவறியவன்.

"இழுவை ஜாஸ்தி பண்ணணும் குமாரு. எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

"பண்ணலாம் டீச்சர். பெரிய டர்போ ஒண்ணு கீது, மாட்டிடலாம். பம்புல டீசலையும் கொஞ்சம் கூட்டி வுட்டுட்டா சும்மா பிச்சிக்கினு போவும். ஆனா ஒண்ணு. டிரெய்லருக்குத் தனியா பிரேக் வச்சிடணும். பாரத்தோட அது பின்னாடி இருந்து தள்ளுச்சின்னா இந்த வண்டி பிரேக்கு தாங்காது. நாலு நாள் குடுங்க."

"நாலு நாளா? நாளன்னிக்கி கிழங்கு பிடுங்கறாங்கப்பா."

"ம்மா, அவர் சொல்றது கரெக்ட்டு. கேளு," என்றாள் பவித்ரா.

அப்போது நான் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் எழுதாத சாசனமாகிவிட்டது. "நிக்கறதுக்கு எதுக்குடி தனியா செலவு? போற வண்டி எப்படியும் ஒரு எடத்துல நிக்கத்தான் போவுது."

குமார் என்னையே பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்று அவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சரியான விடை சொன்னான். அதற்கும் நான் தப்புப் போட்டேன்.

பணம் என்னுடையது, பயமும் என்னுடையது. அதனால் என் பேச்சுதான் எடுபட்டது. (பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் கட்ட அனுமதி உண்டா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.)

கிழங்கு பிடுங்கும் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். ஏற்றத்தில் நின்றால் டயருக்கு வைக்க இரண்டு கருங்கல்லையும் என் காலடியில் வைத்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வண்டி ஏறிய அழகை என்ன சொல்வது! கரும்புகையைக் கக்கிக்கொண்டு வளைவுக்கு வளைவு பாய்ந்தது. ஒரு பேருந்தைக்கூட முந்தினோம். உச்சியில் கொஞ்சம் சிக்னல் கிடைத்ததும் என் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏறிடுச்சிங்க!"

"ஏறிடுச்சா? அப்பாடா," என்றார் அவர்.

எங்கள் இருவருக்குமே தோன்றாத விஷயம் ஒன்று இருந்தது. மலைமேல் நாங்கள் ஏற்றிக்கொண்டு போனது காலி டிரெய்லரும் ஒரு டிபன் டப்பாவும் இரண்டு கருங்கல்லும்தான். கிழங்கு விளைவது மேலே. மில் இருப்பது கீழே. பாரம் முழுவதும் இறங்கும்போதுதான். ஏற்றத்துக்காக நான் வாங்கிய இழுவை அத்தனையும் காற்றை இழுத்துக்கொண்டு மேலே போயிருந்தது.

சின்னப்பொண்ணக்காவும் அவர் ஆட்களும் டிரெய்லர் நிறையக் கிழங்கை ஏற்றினார்கள். மிச்சத்தைப் பிக்கப்பில் போட்டார்கள். கருங்கல் இரண்டையும் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். ஏறி முடித்த பிறகு கல் எதற்கு?

பிறகு பத்து நாற்பது.

முதல் இடிக்குப் பிறகு டிரெய்லர் அடங்கவே இல்லை. பவித்ரா முதல் கியருக்குக் கொண்டுவந்தாள். எஞ்சின் அலறியது. பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். தீய்ந்த வாடை வந்தது.

"இன்னாடி வாட இது?"

"பிரேக்கு."

"நல்லா அமுக்கு!"

"அமுக்கிக்கினுதான் இருக்கேன். பேசாம வாம்மா."

நான் பேசாமல் வரவில்லை. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டேன். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்தது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் மெத்தைபோல உள்ளே போய்விட்டது. பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த நிறத்தை அதுவரை நான் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. கூட்டி வாங்கிய குதிரைசக்தி எல்லாம் எஞ்சினுக்குள் கைகட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"ம்மா, கம்பிய புடிச்சிக்கோ."

அவள் வண்டியைப் பள்ளத்தின் பக்கம் போகவிடாமல், மலைச்சரிவை ஒட்டிய கால்வாய்க்குள் சக்கரத்தை இறக்கினாள். பாறையில் உரசிக்கொண்டு போன சத்தம் இன்றைக்கும் வகுப்பில் யாராவது பெஞ்சை இழுத்தால் கேட்கிறது. வண்டி நின்றது. டிரெய்லர் மட்டும் நிற்க மனமில்லாமல் குறுக்கே திரும்பி, பாதி சாய்ந்து, கிழங்கையெல்லாம் சாலையில் கொட்டியது. கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும் அவசரத்தில் உருண்டன.

போன வண்டி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. நான் சொன்னது பலித்தது.

இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அவள் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகக் கிழங்கு பொறுக்கத் தொடங்கினாள். கீழிருந்து வந்த பேருந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, நடு ரோட்ல கெழங்கு கட போட்டுக்கினு கீறீங்க?"

"பொம்பளப் புள்ள ஓட்டினா இப்படித்தான்," என்றார் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டியவர்.

எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, எழுந்துவிட்டேன். "அவ ஓட்டினதாலதான் உயிரோட கீறோம்! தப்பு பண்ணது நானு! பிரேக்கு வேணாம்னு சொன்னது நானு!" அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியதால் அந்த ஆள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். (செருப்பை அவருக்காக எடுத்ததாக நினைத்திருக்க வேண்டும்.) டிரைவர் முதலில் இறங்கினார், பின்னாலேயே பத்துப் பேர் இறங்கிக் கிழங்கு பொறுக்கினார்கள். அதில் "பொம்பளப் புள்ள" என்றவரும் இருந்தார்.

பொறுக்கிய கிழங்கு சாலையோரத்தில் குவிந்தது. ஆனால் ஏற்ற வண்டி இல்லை. மணி ஒன்று ஆனது. பவித்ரா குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்தாள். இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"மெக்கானிக் சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்மா. வண்டிய இல்ல. உன்ன," என்றாள்.

அப்போது மேலே லாரிச் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பியதும் பவித்ரா எழுந்து நின்றாள். தரகரின் லாரி. முன்னால் டிரைவர் பக்கத்தில் சின்னப்பொண்ணக்கா உட்கார்ந்திருந்தார். யாரோ மேலே போய்ச் சேதி சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பயத்துக்கு நான் கொடுத்த விலை என் பெண்ணின் பெயர்.

சின்னப்பொண்ணக்கா இறங்கினார். சாய்ந்த டிரெய்லரைப் பார்த்தார். குவிந்திருந்த கிழங்கைப் பார்த்தார். பவித்ராவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முன்னால் போய், "எல்லாம் என் தப்புங்க, அவ மேல ஒண்ணும் இல்லீங்க" என்று தொடங்கி, இழுவை, டர்போ, நாலு நாள், கருங்கல் என்று முழுவதையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு என் மகளிடம் திரும்பினார்.

"இந்த லாரிய இன்னிக்கி ஒரு நாளைக்குத்தான் கேட்டேன். இந்தக் கெழங்க நீயே கொண்டுபோய் மில்லுல போடு. அடுத்த வாரம் மேல்காட்டுல புடுங்கறோம். பிரேக்க வச்சிக்கினு வா. உங்கம்மாவ வூட்லயே வுட்டுட்டு வா."